பிணை நின்றவர் பெயரையும் போடு

பூவரசங்குளம்,
12.02.2006

அன்புள்ள தேனுகா,

இதைக் கொண்டுவருகிற லொறிக்கார ஐயாத்துரை அண்ணைக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் அரை நாள் வெயிலில் நின்றுதான் உன்னிடம் வருவார்.

ஒரு செய்தி இருக்கிறது. அது சந்தோஷமா தலையிடியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜேர்மனியில் இருக்கும் உங்கள் பெரியம்மாவின் மகனுக்குத் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர், உலகத்து மூலைமுடுக்கில் இருக்கும் இரைச்சல் குழுக்களை எல்லாம் சேர்த்து ஒரு இசைத்தட்டு போடுகிறாராம். நாம் அரிசி ஆலையில் பதிந்த கசெற் அவர் கைக்குப் போயிருக்கிறது. “இது கிறொஸ்ஓவர் த்ராஷ். பங்க்கும் மெட்டலும் இப்படிச் சரிபாதியாகக் கலந்ததைக் கேட்டு வருடக்கணக்காகிறது” என்று எழுதியிருக்கிறார். நாம் எப்போது கலந்தோம் தேனுகா? நமக்குத் தெரிந்ததை அடித்தோம், அவ்வளவுதானே.

அவருக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, பாட்டுகளை ஸ்ரூடியோவில் ஒழுங்காகப் பதிந்து அனுப்பவேண்டும். மற்றது, நம் ‘உமி’ குழுவின் வரலாறு ஒரு பக்கம். யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று.

எழுத உட்கார்ந்தேன். 2003இல் வவுனியா ரியூட்டரி மண்டபத்தில் நடந்த கச்சேரியில் கிற்றார் உன் அண்ணன் தயா, ட்றம்ஸ் நான், பேஸ் கிற்றாருக்குப் பைலா குழுவில் இரவல் வாங்கிய ஆள். அடுத்த வருடம் பாட்டு நீ, ட்றம்ஸ் நான், கிற்றாருக்கு என் மச்சான் றிஃபாத். அதற்கு அடுத்த வருடம் பேஸ் யோகன், ட்றம்ஸ் நான், கிற்றார் திரும்பவும் றிஃபாத். பாடியது யார் என்று ஞாபகமில்லை. நானாகத்தான் இருக்கவேண்டும், ஒரு வாரம் தொண்டை கட்டியிருந்தது. ஆகவே இப்படி எழுதியிருக்கிறேன்: தயாபரன் 2003இல் விலகினார். தேனுகா 2004இல் சேர்ந்து 2004இலேயே விலகினார். யோகலிங்கம் 2005இல் மட்டும். முதலிலிருந்து இன்றுவரை இருப்பவர் ஸஜாத்.

கிளிநொச்சியில் பொன்னையா அண்ணையின் ஆலையில் நாலு பேரும் சேர்ந்து வாசித்ததை எந்த வருடத்தில் போடுவது? அதைக் கேட்டது நெல்மூட்டைதானே. எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பிழை இருந்தால் திருத்து.

ஸஜாத்


கிளிநொச்சி,
03.03.2006

ஸஜாத்,

உன் வரலாறு கிடைத்தது. குருடர் யானை பார்த்த கதைதான். நீ வவுனியாவில் நின்று பார்த்தாய், உன் மேடைக்கு வந்தவர்கள் மட்டும் உன் கண்ணுக்குப் பட்டார்கள்.

நான் எப்போது விலகினேன்? உனக்குத் தெரியாத விஷயமில்லை. மறப்பதற்கு உனக்கு வசதி இருக்கிறது. உன் வீடு ஓமந்தைக்கு அந்தப் பக்கம், நீ வரலாம், போகலாம். எங்களில் ஒருவர் வன்னியைவிட்டு வெளிக்கிடுவதென்றால் இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் வேண்டுமென்றால் இன்னொருவர் பிணை நிற்கவேண்டும், அவர் வேறு ஒருவருக்கும் நிற்கமுடியாது. போனவர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவரை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முதல்முறை தயா அண்ணாவுக்காக அம்மா கையொப்பம் வைக்கப் போனா. அங்கிருந்தவர் சிரித்தார். “அம்மா, உங்களை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது? ஒரு இளம் ஆளாப் பாத்துக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அதனால்தான் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கு மேல் உன் மேடைக்கு வரமுடியவில்லை. 2003இல் நீயும் தயா அண்ணாவும் அங்கே குதித்தபோது யோகன் இங்கே காலையும் மாலையும் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தான். 2004இல் நான் பாட வந்தபோது தயா அண்ணா நின்றார். 2005இல் யோகன் வந்தபோது நான் நின்றேன். நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதைத்தான் நீ ‘விலகினார்’ என்று எழுதியிருக்கிறாய். வெட்கமாக இல்லையா?

தொடக்கமும் பிழை. 2003 இல்லை. நீ அந்த வருடம் முல்லைத்தீவில் உங்கள் காணியைப் பார்க்கப் போகிற வழியில், ஆலைக்குள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாய். அதற்கு நாலு வருடத்துக்கு முன்பே நாங்கள் தொடங்கிவிட்டோம். மின்சாரமும் இல்லை, பற்றரியும் வரவிடாத காலம். ரேப் றெக்கோடரைச் சைக்கிள் டைனமோவில் கொழுவிவிட்டு யோகன் மிதிப்பான். இருந்தது ஒரே ஒரு கசெற். ஒரு பக்கம் பங்க், மறுபக்கம் மெட்டல் என்பதெல்லாம் எங்களுக்கு யார் சொன்னது? யோகன் மிதிக்கிற மிதியில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் கேட்டது. அந்த வேகத்திலேயே வாசிக்கப் பழகினோம். பிறகு நீ பற்றரி கொண்டுவந்து அதே கசெற்றைப் போட்டபோது, “இவங்கள் என்ன, நித்திரையிலயோ வாசிக்கிறாங்கள்?” என்று யோகன் கேட்டானே, மறந்துவிட்டாயா? வெள்ளைக்காரர் மெச்சுகிற கலவை அவன் காலில் இருந்து வந்தது.

திருத்தி எழுது. பிணை நின்றவர் பெயரையும் போடு.

தேனுகா


பூவரசங்குளம்,
02.07.2006

அன்புள்ள தேனுகா,

நீ திட்டியது சரி. பட்டியலைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதினால் ஒவ்வொரு வருடமும் அதே நாலு பெயர்தான் வருகிறது. ‘இது என்ன வரலாறு, ஒருவரும் மாறவில்லையே’ என்று வெள்ளைக்காரர் கேட்டால் நான் என்ன சொல்வது? கேட்கட்டும்.

வவுனியாவில் ஒரு ஸ்ரூடியோ பிடித்துவிட்டேன். கலியாண வீட்டுப் பாட்டுப் பதிகிற இடம். நான் அடித்துக் காட்டியதும் அந்த மனிதர் எழுந்து போய் யன்னலைச் சாத்தினார். ட்றம்ஸ் பதிந்தாயிற்று. கிற்றார் வேண்டும். தயாவை இரண்டு கிழமைக்கு அனுப்பு. அவன் திரும்பியதும் நீ வந்து பாடலாம்.

யோகன் பிணை நிற்பதாக ஐயாத்துரை அண்ணையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். நிலைமை நல்லாயில்லை, இப்போது என்ன பாட்டு என்று உம்மா ஏசுகிறா. அவ சொல்வதும் சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது விட்டால் பிறகு எப்போது?

ஸஜாத்


கிளிநொச்சி,
04.08.2006

ஸஜாத்,

அண்ணாவின் பாஸ் முதலாம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்று நாலு. ஆள் இல்லை, கடிதமும் இல்லை.

நேற்று யோகன் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பத்தாம் திகதிவரை தவணை. அதற்குள் அண்ணா வந்து நின்றால் ஒன்றும் செய்யமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வராவிட்டால் யோகனைக் கூட்டிப் போவார்கள். அவனுடைய அம்மா ஞானேஸ்வரி மாமி காலையிலிருந்து எங்கள் குசினிக்குள் இருந்து அழுகிறா. யோகன் என் எதிரே கதிரையில் இருக்கிறான்.

அண்ணாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பாட்டு முடியாவிட்டால் பரவாயில்லை. அவரை உடனே அனுப்பு.

தேனுகா


பூவரசங்குளம்,
19.08.2006

தேனுகா,

உன் கடிதம் கிடைத்தது. தயாவிடம் சொன்னேன். அவன் வரமாட்டானாம். கொழும்புக்குப் போய்விட்டான். அதற்குமேல் அவனை நான் பார்க்கவில்லை.

பதினோராம் திகதி சண்டை தொடங்கியதிலிருந்து எந்த லொறி போகும், எது போகாது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. யோகனுக்கு என்ன நடந்தது? ஒரு வரியாவது எழுது.

ஸஜாத்


கிளிநொச்சி,
10.03.2007

ஸஜாத்,

யோகனை ஓகஸ்ட் பத்தாம் திகதி காலையில் கூட்டிப் போனார்கள். சொன்ன நாளில் சொன்னபடி வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வரச்சொல்லி ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். அவன் சாப்பிடவில்லை. படலையில் நின்று என்னைப் பார்த்து, “தயா வந்தா, வந்திட்டான் எண்டு ஒருக்கா வந்து சொல்லும்” என்றான். அதற்குப் பிறகு ஒரு முறைதான் கண்டேன். தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைக் காணாதமாதிரிப் போனான்.

அண்ணா ஜேர்மனி போய்ச் சேர்ந்ததாகப் பெரியம்மா வீட்டிலிருந்து செய்தி வந்தது. அம்மா சுவாமி அறைக்குள் போய் விளக்கேற்றினா. நான் அந்த விளக்கை ஊதி நூர்த்தேன். ஞானேஸ்வரி மாமி எங்கள் ஒழுங்கையால் வருவதை விட்டுவிட்டா. சுற்றிப் போகிறா.

அண்ணா உன்னோடு கதைத்தால் சொல்: எனக்கு அண்ணன் என்று ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரரின் வரலாற்றில் என் பெயரும் வேண்டாம். நீயும் இனி எழுதவேண்டாம். உன்னில் கோபமா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. யாரில் கோபப்படுவது என்று பிடிபட்டால் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

தேனுகா


பூவரசங்குளம்,
20.01.2008

தேனுகா,

நீ பதில் போடாத மூன்றாவது கடிதம் இது. இதுவும் உன்னிடம் வருகிறதோ, வழியில் யாராவது வாசித்துவிட்டு வீசுகிறார்களோ தெரியாது.

ஒவ்வொரு ஞாயிறும் தயா தொலைபேசியில் வருகிறான். “தங்கச்சி ஏன்டா எழுதுறாளில்லை? நான் என்ன செய்தனான்?” என்று கேட்கிறான். நான் வாப்பாவின் இரும்புக்கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். வெள்ளைக்காரரும் விடுவதாக இல்லை. இசைத்தட்டுக்குப் பணம் சேரவில்லையாம், ஆனால் வரலாறு எங்கே என்று கேட்கிறார்.

உனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். சொன்னால் உனக்கு நல்லதா, சொல்லாவிட்டால் நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. சுகமாக இரு.

ஸஜாத்


பூவரசங்குளம்,
21.06.2009

தேனுகா,

ஐயாத்துரை அண்ணை இப்போது உங்களை அடைத்துவைத்திருக்கும் அகதி முகாமுக்குத் தண்ணி பவுசர் வண்டி ஓட்டுகிறார். தண்ணி வரிசையில் உன்னைக் கண்டேன், வலக்கையில் கட்டு என்று வந்து சொன்னார். நீ உயிரோடு இருக்கிறாய் என்று கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னால் போய் அழுதேன். வாப்பா பயந்துவிட்டார்.

நான் உள்ளே வர முயன்றேன், விடவில்லை. இந்தக் கடிதம் அவர் கையால் வரும். ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். ஆகவே இன்று சொல்கிறேன்.

2006 ஓகஸ்ட் நாலாம் திகதி நீ எழுதிய கடிதம் ஆறாம் திகதியே எனக்குக் கிடைத்தது. தயா அப்போது எங்கள் வீட்டு முன்னறையில் கிற்றாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். கொழும்புக்கெல்லாம் போகவில்லை. ஸ்ரூடியோவில் ஒரு கிழமை மின்சாரம் இல்லாமல் வேலை பிந்தியது. நாலைந்து நாள் பிந்தினால் ஏச்சுத்தான் விழும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். “அங்க இருந்து ஒரு சொல்லு வந்தா அண்டைக்கே வெளிக்கிடுவன்” என்றும் சொல்லியிருந்தான். உன் கடிதத்தை நான் கடையில் வைத்துப் பிரித்தேன். வாசித்தேன். ஆணிப் பெட்டிக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து, “தேனுகா எழுதியிருக்கிறாள், பிரச்சினை ஒண்டுமில்லை, முடிச்சிட்டே வரட்டாம்” என்றேன்.

ஏன் என்று இந்த மூன்று வருடமும் என்னையே கேட்கிறேன். திரும்பிப் போனால் இரண்டு பேரையும் பிடிப்பார்கள், ஒருவனாவது தப்பட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அப்படியும் நினைத்தேன். ஆனால் இரண்டு பாட்டு மிச்சம் இருந்தது தேனுகா. அதையும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பதினோராம் திகதி பாதை மூடியது, திரும்ப வழியில்லாமல் அவன் பிறகு கொழும்பால் ஜேர்மனிக்குப் போனான். பாதை மூடிய பிறகு உண்மையைச் சொல்லப் பயந்து, அவன் வரமாட்டேன் என்றதாக உனக்குப் பொய் எழுதினேன். நீ எழுதியதும், யோகனைக் கொண்டுபோனதும் தயாவுக்கு இன்றைக்கும் தெரியாது.

யோகனைப் பற்றி ஏதாவது தெரியுமா? கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஸஜாத்


முகாம், வவுனியா,
04.07.2009

ஸஜாத்,

கையெழுத்தைப் பார்த்துக் குழம்பாதே. என் கைக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. நான் சொல்லச் சொல்லத் தயா அண்ணா எழுதுகிறார்.

தயா ஜேர்மனியில் அல்லவா என்று இப்போது தலையைச் சொறிவாய். சொல்கிறேன், பொறு.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் யோகன் எங்கள் பதுங்குகுழிக்கு வந்தான். துவக்கை எங்கோ எறிந்துவிட்டு வந்திருந்தான். அவனுடைய அம்மா மாத்தளனிலேயே செத்துப்போய்விட்டா என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. எங்கள் அம்மா அண்ணாவின் சாரத்தை எடுத்து அவனுக்கு உடுக்கக் கொடுத்தா. மே பன்னிரண்டாம் திகதி முள்ளிவாய்க்காலில் அம்மாவும் செத்துப்போனா. என் கையில் காயம் பட்டதும் அன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் மற்றச் சனத்தோடு சேர்ந்து தண்ணிக்குள்ளால் நடந்து இந்தப் பக்கம் வந்தோம்.

வெட்டவெளியில் எல்லோரையும் இருத்திவைத்து ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். “இயக்கத்தில ஒரு நாள் இருந்தவையும் எழும்பி இஞ்சால வாங்கோ.” எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள், அவர்களைத் தனியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யோகனும் எழும்பினான். அவனுக்குப் பொய் வராது. நான் அவன் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து, எல்லோருக்கும் கேட்க, “அண்ணா, எங்க போறியள்? இருங்கோ” என்றேன். என்னைப் பார்த்தான். இருந்தான்.

பதிகிற மேசையில் எங்கள் குடும்ப அட்டையைக் கொடுத்தேன். இராசமலர், தயாபரன், தேனுகா. அண்ணாவின் பெயரை வெட்டவேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தும் நான் வெட்டவில்லை. அம்மா இல்லை, நாங்கள் இருவரும்தான் என்றேன். அடையாள அட்டை தண்ணியில் போய்விட்டது என்றோம். பாதிச் சனத்துக்கு அப்படித்தான். எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியதும் யோகன்தான். ஆணிப் பெட்டி வந்த இடத்தில் நிறுத்தினான். கூடாரத்துக்கு வெளியே போய் நின்றுவிட்டு வந்து மிச்சத்தை வாசித்தான்.

இனி நான் சொல்லப்போவதையும் அவனே எழுதவேண்டும். எழுதட்டும். அன்று அந்தக் கடிதத்தை எழுதும்போது, நீ இதை அண்ணாவிடம் காட்டக்கூடாது என்று ஒவ்வொரு வரிக்கும் கடவுளைக் கும்பிட்டேன். யோகன் எதிரே இருந்தபடியால் ‘அனுப்பு’ என்று எழுதினேன். அண்ணா வரவில்லை என்றதும் என் நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பொறுக்கமுடியாமல்தான் அண்ணாவை வெறுத்தேன், விளக்கை நூர்த்தேன், உன்னையும் எழுதாதே என்றேன். நான் மனதுக்குள் கேட்டதைத்தான் நீ செய்தாய். முழுப் பழியையும் நீ ஒருவனே தூக்கிக்கொண்டு திரியாதே.

எழுதுகிறவன் ஒரு சொல்லும் மாற்றவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது நீ செய்யவேண்டியது. வெள்ளைக்காரருக்கு வரலாற்றை அனுப்பு. கிற்றார் வாசித்து ஜேர்மனி போனவன் யோகலிங்கம் என்று போடு. வன்னியில் நின்றவன் தயாபரன் என்று போடு. படம் ஒன்றும் அனுப்பாதே. அண்ணா தன் பெயரில் எந்த மேடையிலும் எந்தப் பத்திரிகையிலும் வரக்கூடாது. செஞ்சிலுவைச் சங்கத்தில் எங்களைத் தேடிப் பதியக்கூடாது. எனக்கு எழுதக்கூடாது. அம்மா போன செய்தியை நீயே தொலைபேசியில் மெதுவாகச் சொல். உண்மை முழுவதையும் சொல். எனக்கு அவரில் கோபமில்லை என்றும், அவர் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது என்றும் சொல். ஆனால் அட்டையில் ஒரு தயாபரனுக்குத்தான் இடம் இருக்கிறது. இங்கே நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர் இவர்.

தேனுகா

ஸஜாத்,

இது அவள் சொல்லி எழுதுவதல்ல. அவள் தண்ணி வரிசைக்குப் போய்விட்டாள்.

அன்று கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே இருந்தவன் நான்தான். எழுதும்வரை எழும்பமாட்டேன் என்று இருந்தேன். எனக்குப் பயம். அவள் அழுதுகொண்டே எழுதியதை நீ அறியமாட்டாய். அதை நீ ஆணிப் பெட்டிக்குள் போட்டதற்கு எனக்கு உன்னில் எவ்வளவு கோபம் இருக்கவேண்டும் என்று நேற்று முழுதும் கணக்குப் பார்த்தேன். சரிவரவில்லை. சில நேரம் நிறைய இருக்கிறது, சில நேரம் ஒன்றும் இல்லை. உன் முகத்தைக் கண்டால் ஒருவேளை தெரியும்.

ஜேர்மனியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வரும்போது அவனிடம் இதைச் சொல்லிவிடு. அவனுக்காக நான் நின்று முடித்துவிட்டேன். இனி அவன் அங்கே பெயர் இல்லாமல், தங்கச்சி இல்லாமல், எனக்காக நிற்கவேண்டும். எத்தனை வருடம் என்று எனக்குத் தெரியாது.

தயாபரன்